இடது முன்சக்கரம்

ஆறு போல்ட். எண்ணிவிட்டேன். சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டு, அதன் பின்னால் இருந்த மூடியின் ஆறு போல்ட்டையும் காஜா பாய் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். பட்டறைக்கு வண்டியை விட்டால் வண்டிக்காரர் வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே உட்கார்ந்து கழற்றுவதைப் பார்க்க வேண்டும் என்பது போடியில் எழுதாத சட்டம். கழற்றிய பழைய சாமானைக் கடைசியில் ஒரு பையில் போட்டுக் கையில் தர வேண்டும், தராவிட்டால் நல்லதை உருவிக்கொண்டு நொள்ளையை மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். காஜா பாய் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஊரே சொல்லும், ஊர் யாரைத்தான் சொல்லாது, என் வீட்டுக்காரரையும்தான் தங்கம் என்று சொல்கிறது. எப்போதும் அவர்தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பாய்க்கே பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். இன்றைக்கு அந்த இடத்தில் நான் குந்தியிருக்கிறேன், அவர் ஐந்தடி தள்ளி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருக்கிறார், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. ஐம்பத்திரண்டு வயதில் கூலிங் கிளாஸ். "நீ எதுக்கு வேலு, வெக்கையில கெடந்து, வீட்டுக்குப் போ" என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒரு தடவை சொல்லியிருந்தால் போயிருப்பேன். மூன்று தடவை விரட்டினால் இங்கே நான் பார்க்கக் கூடாதது என்னவோ இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் வேலுத்தாய் க/பெ தவசி என்று என் பெயர்தான் இருக்கிறது, என் வண்டி, என் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன். எந்த முன்சக்கரத்துக்குள் ஜாயிண்ட் ஒடிந்தது என்று பிரித்தால்தான் தெரியுமாம், பாய் இடது பக்கத்தை முதலில் பிரிக்கிறார். வலது பக்கத்து ஜாயிண்ட் ஒடிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிப்பேன். இடது பக்கம் ஒடிந்திருந்தால் நாலு மணி பஸ்ஸில் திருப்பூருக்கு, மகள் வீட்டுக்கு, திரும்பி வருவதாக இல்லை.

இதில் என்ன இடது வலது என்று கேட்பவர்களுக்கு ஜீப் தெரியாது. எங்கள் ஜீப்புக்கு முன்சக்கரம் இரண்டிலும் நடுவில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கையால் திருப்பிப் பூட்டினால்தான் என்ஜினின் பலம் முன்சக்கரத்துக்குப் போகும், பூட்டாவிட்டால் அது சும்மா உருளும், பின்சக்கரம் மட்டும் இழுக்கும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் வழியில் ஒத்தப்பலா என்ற இடத்தோடு தார் முடிகிறது, அதற்கு மேல் கல்லும் சேறும்தான். பதினாலு பெண்களையும் அவர்கள் தூக்குச்சட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏற நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். ஒத்தப்பலாவில் வண்டி நிற்கும், டிரைவர் இறங்கி வலது பக்கத் திருகைப் பூட்டுவார், முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் இறங்கி இடது பக்கத்தைப் பூட்டுவார். பூட்டுகிறவளுக்குத்தான் முன் சீட்டு, மற்றவர்கள் பின்னால் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு போக வேண்டியதுதான், இது அந்தப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு. என் வீட்டுக்காரர் வெறும் வண்டியோடு தனியாகப் போனால் திருகைத் தொடவே மாட்டார். "காலி வண்டிக்கு முன்கியர் போடுறவன் டிரைவரே இல்ல" என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் போனாராம், தோட்டத்தில் உர மூட்டை ஏற்றி இறக்க வேண்டியிருந்ததாம், போகும்போதே, காலி வண்டியில், ஒத்தப்பலாவுக்கு மேல் ஏதோ ஒடிந்துவிட்டதாம். பூட்டாத சக்கரத்தில் ஜாயிண்ட் எப்படி ஒடியும். சும்மா உருளுகிறது எதற்காக ஒடிய வேண்டும். இடது பக்கம் ஒடிந்திருந்தால் இடது பக்கத்தை யாரோ பூட்டியிருக்கிறார்கள், பூட்டியவர் இடது சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அது உர மூட்டை இல்லை.

எனக்கு இதெல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இருபத்துநாலு வருஷமாகச் சோறு போடும்போது அவர் பேசியதைக் கேட்டவள் நான், கேட்டால் மண்டையில் ஏறாதா. பாய் இப்போது ஒரு சின்ன வளையத்தை இடுக்கியால் கழற்றுகிறார், பிறகு ஒரு பெரிய நட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு நட்டு. கிரீஸ் கறுப்பாக வழிகிறது. அவர் டயரில் உட்கார்ந்தபடியே, "பேரிங்கு நல்லாருக்கா பாய்" என்கிறார், முகம் இந்தப் பக்கம் இல்லை, ரோட்டுப் பக்கம். இப்படித்தான் ஆறு மாதமாக. என்னிடம் பேசும்போது முகம் என் காதுக்கு ஒரு சாண் தள்ளி எங்கேயோ பார்க்கிறது. நேராகப் பார்க்கத் தைரியம் இல்லாதவன்தான் அப்படிப் பார்ப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம் எப்படி இருக்கும் என்று ஆறு மாதமாகத் தினமும் மூன்று வேளை பார்க்கிறேன். "தேஞ்சிருக்குப்பா, இன்னும் ஒரு மழைக்கு வரும்" என்றார் பாய். பொய்யோ என்னவோ. நான் எட்டிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தது மாதிரித் தலையை ஆட்டினேன்.

புஷ்பம். மரியபுஷ்பம். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவள் இல்லை, முந்தல் பக்கம் வீடு, புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று கேள்வி. இரண்டு வருஷமாக முன் சீட்டு அவளுக்குத்தான். வேறு யாரும் பூட்ட வருவதில்லையா, கை இல்லையா மற்றவர்களுக்கு. என் நாத்தனாரும் அந்த வண்டியில்தான் போகிறாள், ஒரு நாள் வாயைக் கிளறினேன். "அது பாட்டுக்கு அண்ணன்கிட்டப் பேசிக்கிட்டே வரும் மதினி, வளைவுக்கு வளைவு ஏதாச்சும் முணுமுணுன்னு, என்ன பேசும்னு பின்னாடி எங்களுக்குக் கேக்காது" என்றாள். போடி மெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பதினேழு வளைவிலும் பேச அப்படி என்ன இருக்கிறது. எங்களுக்குள் ஒரு நாளைக்குப் பதினேழு வார்த்தை பேச்சு உண்டா. அதற்குப் பிறகுதான் பஜாரில் அது நடந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம், நான் மணிக்கூண்டுப் பக்கம் காய்கறிப் பையோடு நிற்கிறேன், எங்கள் ஜீப் வருகிறது, முன்னால் அவள். நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார், பத்தடி தூரம்கூட இல்லை, முகம் நேராக என் முகத்தில். பார்த்துவிட்டு, ரோட்டோரத்தில் யாரோ எவரோ நிற்பது மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். தக்காளிக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி கேட்டதற்கு, "நீயா, நான் கவனிக்கலையே" என்றார், அதையும் என் காதைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றைக்கு நெஞ்சில் ஏறியது இன்னும் இறங்கவில்லை. கட்டின பெண்டாட்டியைத் தெரியாதவர் மாதிரி நடிக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு கல் நெஞ்சு வேண்டும்.

பாய் எதையோ சுத்தியலால் மெதுவாகத் தட்டினார், தட்டித் தட்டி அசைத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், ஆக்ஸில் என்கிற நீளமான கம்பி உறையிலிருந்து உருவுகிற மாதிரி வெளியே வந்தது. அதன் முனையில் ஜாயிண்ட். கூட்டல் குறி மாதிரி நாலு கையுள்ள ஒரு சின்ன இரும்பு, அதைக் கிராஸ் என்பார்கள், ஒரு கை மொட்டையாக ஒடிந்து தொங்கியது. இரண்டு துண்டையும் பாய் என் முன்னால் சாக்கில் வைத்தார். "பாத்துக்க தங்கச்சி, கிராஸ்தான் போயிருக்கு, ஆக்ஸில் தப்பிச்சிருச்சு." இடது பக்கம். இடது பக்கம்தான். துண்டைக் கையில் எடுத்தேன், கனமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒடிந்த இடம் மட்டும் சுத்தமாக உப்புக் கல் மாதிரிப் பளபளத்தது. இதற்காகவா நான் காலையிலிருந்து காத்திருந்தேன். நெருப்பில்லாமல் புகையாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் புகை மட்டும்தான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. "தவசி" என்று பாய் கூப்பிட்டார், "இது பழைய விரிசல் இல்லப்பா. ஸ்டீயரிங்க ஒரேயடியா ஒடிச்சு வச்சுக்கிட்டு, சக்கரம் கல்லுல மாட்டி நிக்கும்போது, ஆக்ஸிலேட்டர மிதிச்சா இப்பிடித்தான் ஒடியும். புதுக் கை பண்ற வேலை. நீ போயி இதப் பண்ணுவியா." அவர் கூலிங் கிளாஸை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். "தூக்கக் கலக்கம் பாய்" என்றார். பட்டப் பகலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூக்கக் கலக்கம்.

புதுக் கை. ஓகோ. அப்படியென்றால் அவள் இடது சீட்டில் உட்காரவில்லை. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், ஸ்டீயரிங்கில், ராணி மாதிரி. இவர் இடது பக்கம், இவர்தான் இறங்கி இடது திருகைப் பூட்டியிருக்கிறார், அவளுக்கு வண்டி ஏற வேண்டுமே என்று. டிரைவர் சீட்டில் நாலாக மடித்த கம்பளி ஒன்று கிடந்ததே, போன வாரம் வண்டி கழுவும்போது பார்த்தேனே, முதுகு வலிக்கு என்றாரே. முதுகு வலிக்கு யாராவது குண்டிக்கடியில் வைப்பார்களா. குள்ளச்சிக்கு ரோடு தெரிய வேண்டும், அதற்குக் கம்பளி. நான் ஒரு தடவை கேட்டேன், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுங்கள் என்று, ஆசையாக, அவர் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டேன். "பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேலை" என்று சிரித்தார். இன்றைக்குவரை அந்த ஸ்டீயரிங்கை ஈரத்துணியால் துடைக்க மட்டும்தான் தொட்டிருக்கிறேன். அவளுக்குக் கியர் எது கிளட்ச் எது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருப்பார், கை மேல் கை வைத்து, இப்பிடித் திருப்பணும் புஷ்பம், மெதுவா. வேறு என்னவோ நடந்திருந்தால்கூட இவ்வளவு எரியாது. ஆண்பிள்ளை, புத்தி கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு இல்லை என்று சொன்னதைத் தூக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறார். திருப்பூர் பஸ் நாலு மணிக்கு. மகளிடம் என்ன சொல்வது, உங்கப்பா ஒருத்திக்கு வண்டி ஓட்டப் பழக்குகிறார் என்றா. சிரிப்பாள். மருமகன் முகத்தில் எப்படி விழிப்பது, எத்தனை நாள் இருப்பீங்க அத்தே என்று இரண்டாவது வாரம் கேட்பார், கேட்காவிட்டாலும் அவர் முகம் கேட்கும். போகட்டும். கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனாலும் போவேன், இந்த முகத்துக்கு இனி சோறு போட மாட்டேன்.

பாய் புதுக் கிராஸின் அட்டைப் பெட்டியைப் பிரித்தார். நாலு கைக்கும் நாலு தொப்பி, தொப்பிக்குள் ஊசி ஊசியாக இரும்புக் குச்சிகள், ஒன்று சரிந்தாலும் எல்லாம் பாழ் என்று கிரீஸைத் தடவித் தடவி நிறுத்தினார். வைஸ் என்கிற இரும்புப் பிடியில் வைத்துத் தொப்பியை இறுக்கி உள்ளே தள்ளினார். தொப்பி வெளியே வராமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம், அரை வட்டத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வளைந்த சின்னக் கம்பி. கிளிப் என்றார். நாலு கிளிப். எண்ணினேன், பழக்கதோஷம். மூன்று உட்கார்ந்துவிட்டது. நாலாவதை இடுக்கியில் பிடித்து அழுத்தும்போது வழுக்கியது. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கிளிப்பைக் காணோம். "யாரும் காலை எடுக்காதீங்க" என்றார் பாய். பட்டறையில் இது ஒரு வழக்கமாம், கிளிப் தெறித்தால் நிற்கிறவர்கள் நின்றபடி, உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடி, மிதித்து மண்ணில் புதைத்துவிடக் கூடாது. "இது ஒண்ணு இல்லேன்னா வேலை நின்னுபோகும், கடைக்காரன் சாப்பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிருப்பான். தவசி, உன் பக்கம்தான் வந்துச்சு, பாருப்பா." அவர் டயரிலிருந்து இறங்கி முட்டி போட்டார். கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில், சிமென்ட் தரையில், அவருடைய இடது கைக்கு ஒரு சாண் தள்ளி, புத்தம் புதுக் கிளிப் மின்னிக்கொண்டு கிடந்தது. இந்த மனுஷன் எடுக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

அவர் எடுக்கவில்லை. தலையைக் குனிந்து அந்த இடத்தையே பார்த்தார், பார்த்துவிட்டு, "இங்க இல்ல பாய்" என்றார். வேலையை நிறுத்தப் பார்க்கிறார். வண்டி இன்றைக்கு ஓடக் கூடாது, அது ஏன், நாளைக்கு அவளோடு எங்கேயோ போக ஏற்பாடு, இல்லை, வண்டி ஓடினால்தானே போக முடியும், அப்படியென்றால் என்னை இங்கிருந்து கிளப்ப, பழையது எதையோ நான் பார்க்கும் முன்னால், என்னென்னவோ ஓடியது, எதுவும் நிற்கவில்லை. "நல்லாப் பாருப்பா" என்றார் பாய், வைஸைவிட்டுக் கையை எடுக்க முடியாமல். அவர் உள்ளங்கையைத் தரையில் வைத்தார். வைத்து மெதுவாக ஒரு வட்டம் போட்டார். கையில் ஒரு ஸ்பேனர் தட்டியது, அதை விரல்களால் தலையிலிருந்து வால்வரை தடவி, ஸ்பேனர்தான் என்று தெரிந்துகொண்டு, தள்ளி வைத்தார். பிறகு இன்னொரு வட்டம். முகம் கை இருந்த பக்கம் இல்லை. கண் திறந்திருந்தது, வெயில் நேராக அதில் விழுந்தது, இமைக்கவில்லை. கை கிளிப்புக்கு நாலு விரற்கடை தூரத்தில் வந்து, தாண்டி, வேறு பக்கம் போய்விட்டது. இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவர்கள் இப்படித்தான் தேடுவார்கள். இது இருட்டு இல்லை, மத்தியானம் பன்னிரண்டரை மணி.

நான் பாயைப் பார்த்தேன். பாய் வைஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, காலை எடுக்காதே என்றதையும் மறந்து நகர்ந்து, கிளிப்பை விரலால் தள்ளி அவர் உள்ளங்கைக்கு அடியில் விட்டேன். அவர் விரல் மூடியது. என் விரலும் அதற்குள் மாட்டிக்கொண்டது. அவர் விடவில்லை. "கெடச்சிருச்சு பாய்" என்றார். கிளிப்பைக் கொடுக்க எழுந்தபோது பாய் நீட்டிய கைக்குப் பக்கத்தில் காற்றில் நீட்டினார், பாய்தான் எட்டி வாங்கிக்கொண்டு மறுபடியும் வைஸுக்குக் குனிந்தார். நான் அவர் பக்கத்தில் போய், டயரில் உட்காரவைத்து, நானும் உட்கார்ந்தேன். எத்தனை நாளா என்று கேட்டேன், பாய்க்குக் கேட்காதபடி. "போன ஆடியில தொடங்குச்சு. முதல்ல ஓரம் தெரியல. இப்ப நடுவுலயும் பொகை மாதிரி. மதுரை ஆஸ்பத்திரில, போனது வராது, இருக்குறதக் காப்பாத்தலாம்னு மருந்து குடுத்தாக." எங்கே மருந்து. "வண்டி டேஷ்போர்டுல. நீ பாத்துருவேன்னு." புஷ்பத்துக்குத் தெரியுமா. "அதுதான் மொதல்ல கண்டுபிடிச்சுச்சு. வளைவு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிரும், எதுத்தாப்புல பஸ்ஸு, வலது பக்கம் பள்ளம்னு. அப்புறம், இப்பிடியே போனா எல்லாரும் சாவோம், எனக்குக் கத்துக் குடுங்கண்ணேன்னு சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும். லைசென்சு எடுத்துருச்சுன்னா அது ஓட்டும், நான் பக்கத்துல இருந்துக்கிருவேன்னு நெனச்சேன்." என்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மற்றது வந்து அடித்தது. பதினாலு பேர். என் நாத்தனார். போன வெள்ளிக்கிழமை மெட்டில் மேகம் இறங்கி எதிரே வந்த பஸ்ஸே தெரியவில்லை என்று அவள் சொன்னாள், எங்கண்ணன் எப்படித்தான் ஓட்டினாரோ என்று பெருமையாகச் சொன்னாள். பதினேழு வளைவிலும் ஒருத்தி முணுமுணுக்க முணுமுணுக்க, கண் தெரியாத மனுஷன். "பதினாலு உசுர ஏத்திக்கிட்டு" என்றேன். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, நிஜமாகவே, கன்னத்தில் ஒன்று. "தெரியும்" என்றார், "வேற வேலை தெரியாதே வேலு." அவள் கூத்தியாளாகவே இருந்திருக்கலாம். சாமி, அவள் அதுவாகவே இருந்திருக்கலாம், நான் நாலு மணி பஸ்ஸில் ஏறி நிம்மதியாக அழுதுகொண்டே போயிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் எண்ணவில்லை. பாய் கம்பியை உள்ளே செருகினார், நட்டைப் போட்டார், எத்தனை நட்டு என்று தெரியாது. பழைய சாமான் பையை நீட்டினார், வாங்கிக்கொண்டேன், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பஜாரில் நான் தூக்கிய கையை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் நேராக என்னைப் பார்த்ததை. அவருக்கு அங்கே ஒரு சேலையின் நிறம் மட்டும் தெரிந்திருக்கும், அதுவும் தெரிந்ததோ என்னவோ. ஆடியிலிருந்து ஒரு வீட்டுக்குள் ஒரு மனுஷனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, நான் அவர் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை, இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நாளைக்குக் காலை ஆறு மணிக்கு அந்தப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வந்து நிற்பார்கள்.

பாய் சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டி, "ஓட்டிப் பாத்துருப்பா தவசி, ரெண்டு பக்கமும் நல்லா ஒடிச்சுப் பாரு, சத்தம் வருதான்னு" என்றார். அவர் எழுந்தார். எழுந்துவிட்டார். நான் குறுக்கே போய்ச் சாவியை வாங்கிப் பாய் கையிலேயே திரும்ப வைத்தேன். "நீங்களே ஓட்டிப் பாருங்க பாய்." பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தவசி வண்டியவா. இத்தனை வருஷத்துல என்னைய ஒரு தரம் ஸ்டார்ட் பண்ண விட்டிருப்பானா இவன். என்னப்பா, ஒடம்புக்கு ஏதும் முடியலையா." அவர் வாயைத் திறந்தார், என்ன சொல்லப் போகிறார் என்று தெரியவில்லை, நான் முந்திக்கொண்டேன். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல பாய். சண்டை. எனக்கும் இவருக்கும் பெரிய சண்டை. இனிமே இவரு என் வண்டியத் தொடக் கூடாது. என் பேருல இருக்குற வண்டி. நாளையில இருந்து வேற டிரைவர் போடுறேன், புஷ்பத்துக்கு லைசென்சு வர்றவரைக்கும்." குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போகட்டும், வேலுத்தாய் புருஷனிடமிருந்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டாள், பிசாசு, என்று. பாய்க்குப் பாவமாகப் போய்விட்டது. "என்னப்பா தவசி, என்ன பண்ணித் தொலைச்ச" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு எம்மேலதான் பாய்" என்றார். பாய் ஒன்றும் புரியாமல் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார், பின்னால் எடுத்து, முழுசாக ஒடித்து, ரோட்டில் இறக்கினார். ஒரு சத்தமும் இல்லை, முன்சக்கரம் இரண்டும் சுத்தமாகத் திரும்பின. என் வீட்டுக்காரர் காதைச் சாய்த்து அது போகும் திசையைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என் தோளைத் தேடினார், முதலில் காற்றில், பிறகு சேலையில், பிறகு பிடித்துக்கொண்டார். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள், "சண்டைன்னாக, அதுக்குள்ள தோள்ல கை" என்று. நான் திரும்பவில்லை. மெதுவாக நடந்தேன். "முன்னாடி ஒரு படி இருக்கு" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.